டீசலின் கோரைப்பல்

டீசல் கொட்டாவி விட்டான்.

நடந்தது அவ்வளவுதான். முழு மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஊசி போடுவார்கள். அதைப் போட்டதும் சில நாய்கள் இப்படிக் கொட்டாவி விடுமாம். மேஜைமேல் விரித்த பழைய போர்வையில் படுத்துக்கொண்டு, கண் சொருக, வாயை ஆவென்று திறந்து மெதுவாக மூடினான். மூடும்போது ஒரு பக்கத்து உதடு சுருண்டு நின்றுவிட்டது. அதனால் நல்ல பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் எனக்குத் தெரிந்தன.

கீழ்க் கோரைப்பல் மேலே ஏறி வந்தது. மேல் கோரைப்பல்லுக்கும் அதற்கு முன்னால் இருந்த சின்னப் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் போய், தன் இடம் என்று தெரிந்தமாதிரி, உட்கார்ந்துகொண்டது.

என் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் டீசலின் மறுபக்கத்து உடைந்த பல்லுக்கு நான் வார்த்த உலோகக் கேப். மயிரிழைகூட விடாமல் அந்தப் பக்கத்துச் சந்தை அடைத்து, என்னை நானே மெச்சிக்கொண்டு செய்த கேப்.

"டாக்டர், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

லேப்காரி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குள் கல்மாவு ஊற்றி அச்சு எடுத்து, அதன்மேல் மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்துக் கொடுக்கிற லேப்காரி நான். சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு மாடி அறை, இரண்டு மேஜை, ஒரு உலை. ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் தறிச் சத்தம். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

இந்தத் தொழிலுக்கு வந்தவளுக்கு மனிதர்களின் முகம் தெரியாது, பல்தான் தெரியும். மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட, முன்னால் இருப்பவர் திரும்பிச் சிரித்தால் அது எந்த லேப் வேலை என்றுதான் மனது ஓடும். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களோடு இதையும் சேர்த்துச் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டார். அவருடைய மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் வெளுப்பாக இருந்ததையும் கவனித்தேன், சொல்லவில்லை.

"நாய்க்குப் பல்லு செய்வீங்களா?"

இரண்டு மூன்று கோடைக்கு முன்னால் ஒரு முற்பகலில் அந்த போன் வந்தது.

"ஏனுங்க, பல்லு செய்யற ஸ்டெல்லாங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நாய்க்குப் பல்லு செஞ்சு குடுப்பீங்களா?"

யாரோ விளையாடுகிறார்கள் என்று வைக்கப் போனேன். வைக்கவில்லை. அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

பேசியவர் செல்வராணி அக்கா. திருச்செங்கோட்டில் பிட்டு தீட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீருக்கு ஆழமாகப் போர் போடும் ரிக் வண்டியில் பாறையைக் குடைவது பிட்டு. அதன் முகத்தில் பொத்தான் பொத்தானாகக் கெட்டியான முனைகள் இருக்கும். பாறையில் ஏறி ஏறி அவை மழுங்கினால் அக்காவின் பட்டறைக்கு வரும், தீட்டிக்கொண்டு போகும். "நானும் பல்லு வைத்தியந்தானுங்க பாக்கறேன், என்ன, எம்பட பேசண்டு பாறையைக் கடிக்கும்" என்பார்.

டீசல் அந்தப் பட்டறையின் நாய். கறுப்பு, ஒன்பது வயது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் ஒரு தேய்ந்த பிட்டைத் தரையில் உருட்டி விடுவார்கள், டீசல் துரத்தி மறிப்பான். வருடக்கணக்கில் நடந்த விளையாட்டு. அன்றைக்கு மறித்ததோடு நிற்காமல் கவ்விவிட்டான். மேல் இடது கோரைப்பல் பாதியில் முறிந்தது.

"கூரா நிக்குதே, உதட்டைக் கிழிச்சுப்போடுமேன்னு நம்ம முருகேசண்ணன் அரத்தை எடுத்தாந்துட்டாருங்க. பட்டறை ஆளுக்கு அந்த யோசனைதானே வரும்? நான்தான் புடிச்சு வெளிய தள்ளுனேன்."

நல்லவேளை. முறிந்த இடத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்ததாம். அது நரம்பு திறந்துகொண்டதன் அடையாளம். மறுநாளே டீசல் சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்தான். ஊரில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிற கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். மனிதருக்குச் செய்கிற மாதிரியே வேர் வைத்தியம் செய்து காப்பாற்றலாம், ஆனால் இந்த நாய் எதையும் கவ்வாமல் இருக்காது, மேலே ஒரு கேப் போடாவிட்டால் மிச்சப் பல்லும் பிளந்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"செய்யறேன்க்கா" என்றேன். யோசிக்கவேயில்லை. போனை வைத்ததும் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மனிதர் பல்லாகவே பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவளுக்கு ஒரு கோரைப்பல்! கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவள்மாதிரி அன்று முழுக்கக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த வேகத்தில் டாக்டரைக் கூப்பிட்டு, பழக்க தோஷத்தில், மனிதர் பல்லுக்கு நிறம் கேட்கிறமாதிரி, முதல் கேள்வியாக, "ஷேடு என்ன நம்பர் டாக்டர்?" என்றேன்.

அவரோ, "ஏனுங்க, டீசல் என்ன பொண்ணு பாக்கவா போறான்?" என்றார்.

கேசிங் பைப்பில் அளவு

அளவு எடுக்கிற தட்டு மனித வாய்க்குத்தான் கடையில் கிடைக்கும். நீண்ட மூஞ்சிக்கு எங்கே போவது? அக்கா பட்டறையில் கிடந்த கேசிங் பைப்பை, அதுதான் போர் குழிக்குள் இறக்குகிற பிளாஸ்டிக் குழாயை, நீளவாக்கில் அறுத்து, அனலில் காட்டி வளைத்து, டீசலின் வாய்க்கென்று ஒரு தட்டு செய்துவிட்டார்கள். போனில் படம் வந்தது. திருச்செங்கோட்டைத் தவிர உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தட்டு பிறந்திருக்காது.

முதல் மயக்கத்தில் வேர் வைத்தியம் முடிந்தது. உடைந்த பக்கத்துக்கு மட்டும் மேல் அளவு எடுத்தார்கள். கீழ்த்தாடைக்கு எடுக்கப் போகும்போது டீசலின் மூச்சு தடுமாறியதால் டாக்டர் அத்தோடு நிறுத்தி எழுப்பிவிட்டார்.

"அவன் இதயத்துல ஒரு சத்தம் இருக்குதுங்க" என்றார் என்னிடம். "கேப் ஒட்டறதுக்கு இன்னொரு மயக்கம் குடுப்பேன். மூணாவது ஒண்ணுக்கு நான் கை வெக்க மாட்டேன். அதனால ஒரே தடவையில பொருந்தோணும்."

பொருந்தாவிட்டால் கேப் இல்லை. கேப் இல்லாவிட்டால் பல் பிளக்கும். பிளந்தால் பிடுங்க வேண்டும். கோரைப்பல்லின் வேர் வெளியே தெரிவதைவிட நீளம், பிடுங்க மயக்கம் வேண்டும். சுற்றிச் சுற்றி எல்லாம் அந்த மூன்றாவது மயக்கத்தில்தான் போய் நின்றது. அப்படியிருந்தும் அந்த உற்சாகம் கொஞ்சமும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜலகண்டாபுரத்து மாப்பிள்ளை

இங்கே ஒரு பழைய கதை சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளையின் முன்பல் வேலை வந்தது. நான் செய்த பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே நூல் போகிற அளவு இடைவெளி. திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பினேன், திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை மாப்பிள்ளையின் அப்பாவே நேரில் வந்து, "பத்திரிகை அடிச்சாச்சும்மா, போட்டோவுல ஓட்டை தெரியுதும்மா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு என் முதலாளி என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அடை."

அன்றிலிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த அச்சு வந்தாலும் என் மெழுகுக் கத்தி பக்கத்துப் பல்லைத் தொடாமல் ஓயாது. என் வேலையில் சோற்றுப் பருக்கை சிக்குகிறது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அது எனக்குப் பெருமை.

டீசலின் அச்சில் கோரைப்பல்லுக்கு முன்னால் அகலமான சந்து இருந்தது. பல் உடைந்ததில் விலகிப்போயிருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மனிதருக்கு அப்படி விலகும், ஆனால் அதற்கு மாதக்கணக்காகும் என்பது அப்போது உறைக்கவில்லை. போனில் நாய்ப் பல் படங்கள் பார்த்தேன்தான். எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது. பல்லின் வளைவை மட்டும் பார்த்துக்கொண்டேன். எதிர்ப்பல் எங்கே வந்து அமரும் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலில் மெல்லிசாக ஒரு உறை, அதன் முன்பக்கத்தில் சந்து மறைகிறவரை ஒரு புடைப்பு. வார்த்து, மினுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன அழகு!

மல்லசமுத்திரம் வரை

கூரியரில் அனுப்ப மனது வரவில்லை. நானே பஸ் ஏறினேன். டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மல்லசமுத்திரத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எட்டிப் பார்த்து, "புலிப்பல்லுங்களா? கொழந்தைக்குக் கட்டறதுக்கா?" என்றார்.

"நாய்ப்பல்லுங்க. நாய்க்கே போடறதுக்கு."

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பயணம் முழுக்க என்னைவிடச் சந்தோஷமாக அந்த பஸ்ஸில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது டாக்டர் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். செல்வராணி அக்கா டீசலின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, தூங்கு சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கொட்டாவி.

அரை மணி நேரம்

"டாக்டர், நிறுத்துங்க! இதை ஒட்டினா அவனால வாயை மூட முடியாது. கீழ்ப்பல் வந்து இதுல இடிக்கும். நான் அந்தச் சந்தை அடைச்சுட்டேன்."

டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். டீசலின் நல்ல பக்கத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இங்க ராவறதுக்கு ஏதாச்சும் மெஷின் இருக்கா டாக்டர்?"

"பல்லு சுத்தம் பண்றதுதாங்க இருக்குது. உலோகத்துக்கு ஆகாது."

உலோகம் ராவுகிற என் கை மோட்டார் குகையில் மேஜைமேல் கிடந்தது. போய்வர அரை நாள் ஆகும்.

"அரை மணி நேரம் இவனை இப்படியே வெச்சிருப்பேன்" என்றார் டாக்டர். "அதுக்கு மேலன்னா ஊசியைத் திரும்பப் போடோணும். அதைச் செய்ய மாட்டேன், எழுப்பி அனுப்பிருவேன். இவன் இதயத்துக்கு இந்த ஊசியே ரெண்டாவது மயக்கக் கணக்குதான்."

எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவரோ அதற்குள் சாவியை எடுத்துவிட்டார்.

"ராவோணும், அவ்வளவுதானுங்களே? பாறையவே கடிக்கற பிட்டைத் தீட்டறோம். வாங்க அம்மிணி, ஏறுங்க."

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா ஹாரனிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. ரோட்டை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ரிக் லாரியின் டிரைவரைப் பார்த்து, "டீசலுக்கு ஆஸ்பத்திரியில மயக்கம்! வழி வுடு!" என்று கத்தினார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, வண்டியைப் பின்னாலேயே எடுத்துவிட்டான். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காற்று ஏறட்டும்

பட்டறையில் முருகேசண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பென்சில் கிரைண்டரைக் கொண்டுவந்தார். காற்றில் ஓடுகிற, விரல் தடிமனே உள்ள ராவும் கருவி. ஆனால் கம்ப்ரசரை அப்போதுதான் போட்டார்கள். காற்றழுத்தம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. நான் முள்ளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பதறாதீங்க சாமி, காத்து ஏறட்டும்" என்றார் அவர். "பாதிக் காத்துல வெச்சா முனை குதிக்கும். குதிச்சா ஓட்டை."

அதேதான் என் பயமும். புடைப்புக்குப் பின்னால் இருந்த உறை அரை மில்லிமீட்டர்தான். ஒரு கணம் அதிகம் அழுத்தினால் கேப் ஓட்டையாகிவிடும். இன்னொன்று வார்க்க நேரமில்லை.

கேப்பைப் பிடிப்பது எப்படி? விரலில் பிடித்தால் சூடு தாங்காது. முருகேசண்ணன் ஒரு வேப்பங்குச்சியைச் சீவிக் கேப்புக்குள் இறுக்கமாகச் செருகிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வையுங்க" என்றார்.

வைத்தேன். பொறி பறந்தது. மூன்று எண்ணுவதற்குள் எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன். மறுபடி வைத்தேன். குச்சியைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பி நுனியை வைத்து, பொத்தான் அளக்கிற அவர்களுடைய வெர்னியர் அளவுகோலால் தடிமனை அளந்தேன். இன்னும் இருக்கிறது. மறுபடி. வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்துப் பழகிய கைக்கு எடுத்து எறிவது அவ்வளவு எளிதாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் போதும் போதும் என்று கை பின்வாங்கியது. நல்ல பக்கத்துச் சந்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ராவினேன். "அந்தோணியாரே, கை நடுங்கக் கூடாது" என்று வாய்விட்டே சொன்னேன்போல. "நடுங்கலைங்க, நல்லாத்தான் இருக்குது" என்று முருகேசண்ணன் பதில் சொன்னார்.

கடைசியாக அளந்தபோது முன்பக்கம் அரை மில்லிக்கு ஒரு மயிரிழை மேலே. ஓட்டை இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மினுக்கம் போய், கோடு கோடாக, பட்டறைச் சாமான்மாதிரி இருந்தது. குகையில் என் மேஜைக்கு அது வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"கெளம்புங்க, கெளம்புங்க!" என்றார் அக்கா.

குழாயை எடுத்த பிறகு

டாக்டர் சொன்ன நேரத்தில் நான்கு நிமிடம் மிச்சம். அவர் கேப்பை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க, நின்னு பாருங்க" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பல்லை அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். சரியில்லாவிட்டால் போன் வரும். சரியாக இருந்தால் எதுவும் வராது. நான் செய்த ஒரு பல், அதற்கான வாயில் ஏறுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் டீசல் முழு மயக்கத்துக்குப் போய்விட்டான். மூச்சுக்காகத் தொண்டைக்குள் ஒரு குழாய் போயிருந்தது. டாக்டர் பல்லைத் துடைத்து, ஈரம் போக்கி, பசை வைத்துக் கேப்பை ஏற்றி அழுத்திப் பிடித்தார். அடிவிளிம்பு ஈறோரம் சரியாக நின்றது.

"பொருந்திருச்சுங்களா?" அக்கா வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"பல்லுல பொருந்திருச்சு. வாய் மூடுதான்னு இப்பத் தெரியாதுங்க. குழாய் இருக்கறவரைக்கும் வாயை முழுசா மூட முடியாது. குழாயை எடுக்கறதுக்குள்ள பசை இறுகிரும்."

அதாவது, இடித்தால் இடித்ததுதான். கழற்ற முடியாது. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் நான் டீசலின் விலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஒருமுறை இறங்கி, ஏறத் தாமதித்தது. டாக்டர் குனிந்து காது வைத்துக் கேட்டார். மறுபடி ஏறியது.

குழாயை உருவினார். இரண்டு கையாலும் தாடைகளைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகச் சேர்த்தார்.

கீழ்ப்பல் ஏறி வந்தது. என் கேப்பின் முன்பக்கத்தை உரசாமல், நான் ராவி எடுத்த அந்த இடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தது. உதடு அதன்மேல் விழுந்து மூடியது.

டாக்டர் திரும்பவும் திறந்து, திரும்பவும் மூடிக் காட்டினார். இரண்டாவது முறையும் உட்கார்ந்தது.

அக்கா வந்து டீசலின் தலைமாட்டில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவன் காது அசைந்தது. கண் பாதி திறந்தது. வாலைக்கூட ஆட்டத் தெரியாத அந்த அரைத் தூக்கத்தில் அவன் முதலில் செய்த காரியம், நாக்கை நீட்டிப் புதுப்பல்லைத் தொட்டதுதான். தொட்டான். உள்ளே இழுத்துக்கொண்டான். நம்பாதவன்மாதிரி மறுபடி நீட்டி, அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தான். கோடு கோடாக இருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு நாக்கை உள்ளே வைத்து, வாயை மூடி, பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனான்.

நான் அழுதேன். அடக்கப் பார்க்கவில்லை.

"அவனே சும்மா படுத்திருக்கறான், நீங்க ஏனுங்க அழுவறீங்க?" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

"சரியா இருக்குன்னு சொல்லிட்டான்க்கா" என்றேன்.